விட்ட சீரும் விடச் சொன்ன கிறிஸ்மஸும்

பழனியாத்தாளுக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ரெபேக்கா. சபையில் எண்பது பேர் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். டவுனை ஒட்டிய கணபதியில் அவள் வேலை செய்யும் மோட்டார் பட்டறையிலும், குடியிருக்கும் சந்திலும், ரேஷன் அட்டையிலும் பழைய பெயரே நிலைத்துவிட்டது. பழனிக்கு நேர்ந்து பிறந்த பிள்ளை என்று அப்பா வைத்த பெயர் அது. எந்தப் பெயரில் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பாள். அதில் அவளுக்கு ஒரு சங்கடமும் இருந்ததில்லை. சங்கடமெல்லாம் 2022-ஆம் வருடம் நவம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை தொடங்கியது. அப்போது அவளுக்கு நாற்பத்தெட்டு வயது.

துடியலூருக்கு மேற்கே தோட்டம் வைத்திருந்த கவுண்டர் குடும்பத்தில் பிறந்தவள். அவளுக்கு எட்டு வயது இளைய ஒரே தம்பி, திருமூர்த்தி. கணபதியில் லேத் ஓட்டிக்கொண்டிருந்த மோகன்குமாருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். கை சுத்தமான வேலைக்காரன், ஆனால் குடிகாரன். 2003 டிசம்பரில் ஒரு நாள் குடித்துவிட்டு மேட்டுப்பாளையம் ரோட்டில் வண்டியோடு விழுந்தான். தலையில் அடி. ஒன்பது நாள் கண் திறக்கவில்லை. நான்கு வயது மகள் ரித்திகாவை அம்மா வீட்டில் விட்டுவிட்டு, ஆஸ்பத்திரி வார்டில் கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் பழனியாத்தாள் உட்கார்ந்திருந்தாள்.

இருபத்து மூன்றாம் தேதி சாயங்காலம் பத்துப் பன்னிரண்டு பேர் மெழுகுவத்தியோடு பாடிக்கொண்டு வார்டுக்குள் வந்தார்கள். நர்ஸ் மெழுகுவத்தியை அணைக்கச் சொன்னார். அணைத்துவிட்டுப் பாடினார்கள். நன்றாகப் பாடினார்கள் என்று சொல்ல முடியாது. பாடி முடித்ததும் அவர்களில் ஒரு அம்மாள் கட்டிலருகே வந்து, "ஏனுங்க அம்மணி, இவுரு பேரு என்னங்க?" என்று கேட்டார். அதுவரை யாரும் அவனுடைய பெயரைக் கேட்டிருக்கவில்லை. எல்லோருக்கும் அவன் கட்டில் நம்பர்தான். அந்த அம்மாள் மோகன்குமாரின் நெற்றியில் கை வைத்து, அவன் பெயரைச் சொல்லி ஜெபித்துவிட்டுப் போனார்.

மோகன்குமார் கண் திறந்தது இருபத்தேழாம் தேதி. பிற்பாடு சபையில் சாட்சி சொன்னவர்கள் கிறிஸ்மஸ் அன்றைக்கே கண் திறந்தான் என்று மாற்றிச் சொல்வார்கள். பழனியாத்தாள் விடமாட்டாள். "இருபத்தேழுங்க" என்று திருத்துவாள். அடுத்த வருடம் புருசனும் பெண்டாட்டியும் ஞானஸ்நானம் எடுத்தார்கள். அவன் அதற்குப் பிறகு குடிக்கவில்லை. ஒன்பது வருடம் நல்லவிதமாக வாழ்ந்து, நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தான்.

அவர்கள் சேர்ந்த சபை கணபதியில் ஒரு ஹார்டுவேர் கடைக்கு மேல் மாடியில் நடக்கும் சின்னச் சபை. அப்போதிருந்த பாஸ்டர் வயதானவர், கண்டிப்பானவர். புதிதாக வந்தவர்களுக்கு அவர் கற்றுக்கொடுத்தது ஒரே கேள்வி: இது எங்கிருந்து வந்தது? பொட்டு, தாயத்து, ஆயுத பூஜைப் பொரி, எதுவானாலும் அந்தக் கேள்வியைக் கேட்கச் சொல்வார். பழனியாத்தாள் கேட்டாள். ஒவ்வொன்றாக விட்டாள். பொங்கலை விட்டாள், நோம்பி என்கிற அம்மன் திருவிழாவுக்கு ஊருக்குப் போவதை விட்டாள். அதெல்லாம் அவளுக்குக் கஷ்டமாக இல்லை. புருசன் உயிரோடு பக்கத்தில் இருந்தான்.

கஷ்டம் 2007-இல் வந்தது. திருமூர்த்திக்குக் கல்யாணம். அவர்கள் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் பட்டும் நகையுமாக அவன் பக்கத்தில் அமர்வாள். கூறைச்சேலையின் ஒரு தலைப்பு அவளிடம் இருக்கும், மறு தலைப்பு அவனிடம் இருக்கும். இனி ஒருத்தி வீட்டுக்கு வருகிறாள், ஆனாலும் இவளோடு உள்ள உறவு அறுந்துபோகாது என்று ஊர் முன்னால் சொல்கிற சீர் அது. திருமூர்த்திக்கு இருந்தது ஒரே அக்காள்.

அவன் அதற்காகவே கணபதிக்கு வந்தான்.

"அக்கா, நீங்க சாமி கும்பிட வேண்டாமுங்க. திருநீறு வெக்க வேண்டாம். வந்து எம்பக்கத்துல உக்காந்தாப் போதுமுங்க."

"பிள்ளையார் புடிச்சு வெச்சுத்தான கண்ணு சீரை ஆரம்பிப்பாங்க?"

"அதைச் சீர் நடத்தற அருமைக்காரர் அவுரு பாட்டுக்குச் செய்வாருங்க. உங்களுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லீங்க."

"அது எங்கிருந்து வந்ததுன்னு பாக்கோணும் கண்ணு," என்றாள் பழனியாத்தாள்.

திருமூர்த்தி, "நம்ம அம்மா கிட்டயிருந்து வந்ததுங்க," என்று சொல்லிவிட்டு எழுந்து போனான்.

கல்யாணத்துக்குப் போனாள். மண்டபத்தில் பந்தி நடக்கும் கூடத்து வாசலில் நின்றாள். பெரியப்பா மகள் சீரைச் செய்தாள். அதற்குப் பிறகு திருமூர்த்தி அக்காளோடு சண்டை போடவில்லை. போனில் பேசுவான், மோகன்குமார் சாவுக்கு வந்து முன்னால் நின்று எல்லாம் செய்தான். ஆனால் கணபதி வீட்டுக்குள் வந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்ததில்லை.

அவளிடமிருந்து அவர்களுக்குப் போனது ஒன்றே ஒன்றுதான். ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் துடியலூருக்கு ஒரு பாத்திரம் நிறையக் கச்சாயம் அனுப்புவாள். மற்ற ஊர்களில் அதிரசம் என்பார்களே, அது. அம்மா தீபாவளிக்குச் சுடுகிற பக்குவம்தான். தீபாவளியை விட்டவள் கச்சாயத்தை மட்டும் கிறிஸ்மஸுக்குக் கொண்டுவந்திருந்தாள். தம்பி வீட்டில் அதை ஆசையோடு சாப்பிடுவார்கள். தம்பி பெண்டாட்டி மாரியம்மன் நோம்பிக்கு மாவிளக்கு மாவும் தேங்காய்முறியும் கொடுத்தனுப்புவாள். பழனியாத்தாள் அதை வாசலிலேயே பதவிசாகத் திருப்பி அனுப்புவாள். மூன்று வருடத்துக்குப் பிறகு அவர்கள் அனுப்புவதை நிறுத்திக்கொண்டார்கள். கச்சாயம் மட்டும் போய்க்கொண்டிருந்தது.

சபையிலும் கிறிஸ்மஸ் என்றால் ரெபேக்காக்காதான். மாடிப்படியில் சீரியல் லைட் கட்டுவது, வீடு வீடாகப் பாடிப்போகிற கீதபவனிக்கு எந்த வீட்டுக்கு எத்தனை மணிக்கு என்று எழுதுவது, நூறு பேருக்குப் பிரியாணி, எல்லாம் அவள் பொறுப்பு. ஆஸ்பத்திரி வார்டுக்குள் பாடப் போவதற்கு ஒவ்வொரு வருடமும் அனுமதி வாங்குவதும் அவள்தான்.

பழைய பாஸ்டர் காலமான பிறகு வந்தவர் பாஸ்டர் கிருபா. கிருபாசங்கர் என்ற பெயரில் சங்கரை விட்டுவிட்டவர். பாலிடெக்னிக் படித்து, சிஎன்சி மெசினில் வேலை பார்த்து, அதை உதறிவிட்டு ஊழியத்துக்கு வந்தவர். முப்பத்தெட்டு வயது. பொய் சொல்லாதவர், காணிக்கையில் கை வைக்காதவர், யார் வீட்டில் காய்ச்சல் என்றாலும் போய் நிற்பவர். அவரைப் பற்றிக் குறை சொல்ல யாருக்கும் ஒன்றும் கிடையாது.

அந்த நவம்பர் ஞாயிற்றுக்கிழமை பிரசங்க மேடையில் நின்று அவர் நிதானமாகச் சொன்னார். டிசம்பர் இருபத்தைந்து என்ற தேதி வேதத்தில் எங்கும் இல்லை. அது ரோமாபுரியில் சூரியனுக்கு எடுத்த பண்டிகை நாள், பிற்பாடு அதை ஆண்டவருக்கென்று மாற்றிக்கொண்டார்கள். மரம், விளக்கு எல்லாம் அந்நிய வழிபாட்டிலிருந்து வந்தவை. ஆறு மாதமாகப் படித்தும் ஜெபித்தும் பார்த்துவிட்டு இந்த முடிவுக்கு வந்திருக்கிறேன். இந்த வருடம் நம் சபையில் கிறிஸ்மஸ் இல்லை. இருபத்தைந்து ஞாயிற்றுக்கிழமையாக வருகிறது, வழக்கமான ஆராதனை நடக்கும், அவ்வளவுதான்.

"எங்க ஊட்ல ஸ்டாரைக் கழட்டிட்டேன். எம்பொண்ணு ரெண்டு நாளா எங்கூடப் பேசறதில்லை," என்று சொன்னபோது அவர் குரல் கொஞ்சம் தடுமாறியது. "பிள்ளைங்களுக்குக் கஷ்டமாத்தான் இருக்கும். ஆனா எங்கிருந்து வந்ததுன்னு பாக்கோணும் இல்லீங்களா?"

சபையில் சிலர் தலையாட்டினார்கள். சிலர் முகம் வாடினார்கள். அந்தக் கேள்வியைப் பழனியாத்தாள் தம்பியிடம் கேட்டிருக்கிறாள். அது தன் மேலேயே திரும்பும் என்று அன்றுவரை நினைத்ததில்லை.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து நேராகப் பாஸ்டர் வீட்டுக்குப் போனாள்.

"ஒண்ணு கேக்கோணுமுங்க பாஸ்டர். எங்கூட்டுக்காரரு ஆஸ்பத்திரியில கெடக்கறப்ப அவிய பாடிட்டு வந்தது கிறிஸ்மஸுக்காகத்தானுங்க. கிறிஸ்மஸ்னு ஒண்ணு இல்லீன்னா அவிய வந்திருக்கவே மாட்டாங்க. நானும் இங்க வந்திருக்க மாட்டேன்."

"ஆண்டவர் எதை வேண்ணாலும் பயன்படுத்துவாருங்க அக்கா. பயன்படுத்துனாருங்கறதுக்காக அது சரின்னு ஆயிருமுங்களா?"

அவள் யோசித்தாள். "அப்ப எந்தம்பி இணைச்சீருங்க?"

அந்தக் கதை அவருக்குத் தெரியாது. அவள் சொன்னாள். குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டுப் பாஸ்டர் சொன்னார்: "நீங்க விட்டது ரொம்பச் சரிங்க. எத்தனை பேருக்கு அந்தத் தைரியம் வரும்? அதே அளவுகோலைத்தான் இப்ப நம்ம மேலயே வெக்கறேன். அவங்களுக்கு ஒரு ஞாயம், நமக்கு ஒரு ஞாயமா?"

"ஞாயமாத்தான் சொல்றீங்க. ஆனா அந்தச் சூரியன் பண்டிகையை நம்மவிய எடுத்து ஆண்டவருக்குன்னு மாத்திக்கிட்டாங்கன்னு சொன்னீங்க. அப்படி மாத்திக்கிட்டது செல்லும்னா, நானும் தம்பி பக்கத்துல உக்காந்து மனசுக்குள்ள ஆண்டவரை நெனச்சிருந்தா அதுவும் செல்லியிருக்குமில்லீங்களா?"

"ரெண்டுமே செல்லாதுன்னுதானுங்க நான் சொல்றேன்."

"ரெண்டும் செல்லாதுன்னா நான் வந்த வழியே செல்லாதுங்க. ரெண்டும் செல்லும்னா நான் தம்பியை வேதனைப்படுத்துனது வீணுங்க."

பாஸ்டர் கிருபா, "உங்களுக்காக ஜெபிக்கறனுங்க அக்கா," என்றார். ஒப்புக்குச் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

வீட்டில் ரித்திகாவிடம் சொன்னாள். ரித்திகாவுக்கு இருபத்து மூன்று வயது. சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. போனில் தேடிப் படித்துவிட்டு அவள் சொன்னாள்:

"ரெண்டு மாதிரியும் சொல்றாங்கம்மா. சூரியன் பண்டிகையில இருந்து வந்ததுன்னு ஒரு கட்சி. அப்படியெல்லாம் இல்லை, ஆண்டவரோட அம்மா மார்ச்சுல கர்ப்பமானாங்கன்னு வெச்சு ஒன்பது மாசம் எண்ணிப் போட்ட தேதின்னு ஒரு கட்சி. யாருக்கும் உறுதியாத் தெரியாது."

"பாஸ்டர் உறுதியாச் சொன்னாரே கண்ணு."

"அவரு பாத்த வீடியோல உறுதியாச் சொல்லியிருப்பாங்க." ரித்திகா போனை வைத்தாள். "எனக்குச் சூரியனைப் பத்தியெல்லாம் தெரியாது. நான் ஸ்டார் கட்டத்தான் போறேன்."

கட்டினாள். பழனியாத்தாள் வேண்டாம் என்று தடுக்கவில்லை, ஸ்டூலைப் பிடிக்கவும் போகவில்லை.

பட்டறையில் அவளுக்குப் பக்கத்து ஸ்டூல் தாஜுன்னிசாவுடையது. பன்னிரண்டு வருடமாக இருவரும் அருகருகே உட்கார்ந்து மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றுகிறார்கள். டிசம்பர் நடுவில் ஒரு நாள் பழனியாத்தாள் சுற்று எண்ணிக்கையை மூன்று தரம் விட்டுவிட்டாள். தாஜுன்னிசா என்னவென்று கேட்டாள். சொன்னதும் தாஜுன்னிசா ஆச்சரியப்படவில்லை.

"எங்கள்லயும் இந்த வழக்கு இருக்குதுங்கக்கா. நபி பொறந்த நாளைக் கொண்டாடலாமா கூடாதான்னு எங்க மாமனாருக்கும் கொழுந்தனுக்கும் பேச்சு வந்துச்சு. நாலு வருசமா ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து சோறு திங்கறதில்லை."

"யாரு சொல்றது சரீங்க?"

"தெரியலைங்கக்கா. ரெண்டு பேரும் அஞ்சு நேரம் தொழுகறாங்க. நான் ரெண்டு பேருக்கும் தனித்தனியாத் தட்டு வெக்கறேன்."

இருபத்து நான்காம் தேதி சனிக்கிழமை. பழனியாத்தாள் அரை நாள் லீவு போட்டுவிட்டுத் துடியலூருக்குப் பஸ் ஏறினாள். கையில் ஒன்றும் கொண்டுபோகவில்லை. அந்த வருடம் கச்சாய மாவுக்கு அரிசி ஊறவைக்க அவளுக்குக் கை வரவில்லை. பதினைந்து வருடமாகச் சொல்லாததைத் தம்பியிடம் சொல்லிவிட்டால் மனது ஆறும் என்று மட்டும் நினைத்தாள்.

தம்பி மகள் லோகப்பிரியா கதவைத் திறந்தாள். "அத்தை வந்திருக்காங்க," என்று உள்ளே சொல்லிவிட்டு, "கச்சாயம் கொண்டாரலீங்களா அத்தை?" என்று கேட்டாள். திருமூர்த்தி மகளை உள்ளே போகச் சொன்னான். தம்பி பெண்டாட்டி தண்ணீர் கொடுத்து நலம் விசாரித்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

பழனியாத்தாள் வளைத்துப் பேசவில்லை. பாஸ்டர் சொன்னது, தான் கேட்டது எல்லாவற்றையும் சொன்னாள். பிறகு, "அன்னைக்கு உஞ்சீருக்கு உக்காராம நான் தப்புப் பண்ணிப்போட்டனான்னு இப்ப எனக்குத் தெரியலை கண்ணு. அதைச் சொல்லத்தான் வந்தேன்," என்றாள்.

"நீங்க மண்டபத்துக்கே வராம இருந்திருந்தாக்கூடத் தேவலையா இருந்திருக்குமுங்க," என்றான் திருமூர்த்தி. "வந்து பந்திக் கூடத்து வாசல்ல நின்னீங்க. மணவறையில இருந்து எனக்கு நல்லாத் தெரிஞ்சுது. பெரியப்பா மக பக்கத்துல உக்காந்திருக்கறா, சேலைத் தலைப்பு எங்கையில இருக்குது, நான் உங்களைப் பாத்துட்டிருக்கறேன்."

"தெரியும் கண்ணு. நானும் பாத்தேன்."

"அப்ப நான் என்ன நெனச்சேன்னா, அவிய சாமி வேண்டாம்னு சொல்லிருச்சு, சாமி சொன்னா மீற முடியாது, எங்கக்கா மேல குத்தமில்லைன்னு. அப்படித்தான் மனசைத் தேத்திக்கிட்டேன். பதினஞ்சு வருசம். இப்ப வந்து அது சரியா தப்பான்னே தெரியலைங்கறீங்க." அவன் குரல் உயரவில்லை. "அப்பறம் நான் எதை நெனச்சுங்க மனசைத் தேத்தறது?"

இப்படி ஒரு பதில் வரும் என்று அவள் எதிர்பார்த்திருக்கவில்லை. திட்டுவான் என்றோ, போனது போகட்டும் என்பான் என்றோ நினைத்திருந்தாள். தன் பாரத்தை இறக்கிவைக்க வந்து, அவன் பிடித்துக்கொண்டிருந்த ஒன்றையும் பிடுங்கிவிட்டோம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

தம்பி பெண்டாட்டி ஒரு தட்டில் வெண்பொங்கல் கொண்டுவந்தாள். மார்கழி மாதம். காலையில் பிள்ளையார் கோயிலில் கொடுத்தது என்பதையும் மறைக்காமல் சொன்னாள். "எடுத்துக்கறீங்களா, இல்லீன்னா ஊட்ல செஞ்ச இட்லி இருக்குதுங்க," என்றாள்.

பழனியாத்தாள் தட்டைப் பார்த்தாள். சாப்பிடத்தான் நினைத்தாள். கை எழவில்லை. பதினெட்டு வருடம் அப்படிப் பழகிய கை.

"இட்லியே குடுங்க," என்றாள். அவளுக்கு அழுகை வந்தது.

"அதுக்குப் போயி ஏனுங்க அழுகறீங்க," என்றாள் தம்பி பெண்டாட்டி. தட்டை மாற்றிக் கொண்டுவந்தாள். திருமூர்த்தி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். கிளம்பும்போது பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்து ஏற்றிவிட்டான்.

மறுநாள் ஆராதனைக்குப் பாதிப் பேர்தான் வந்திருந்தார்கள். மீதிப் பேர் டவுனில் பெரிய சர்ச்சுகளுக்குப் போய்விட்டார்கள் என்று பேசிக்கொண்டார்கள். வந்தவர்களிலும் சிலர் புதுத்துணி உடுத்தியிருந்தார்கள். அதை யாரும் பார்க்கக் கூடாது என்பதுபோல ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். பாஸ்டரின் மகள் முதல் வரிசையில் தலை குனிந்திருந்தாள். பாஸ்டர் கீழ்ப்படிதலைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். வழக்கம்போல முடிவு ஜெபத்துக்கு, பெண்கள் ஜெபக் கூட்டத்தை நடத்துகிற ரெபேக்காக்காவை அழைத்தார்.

அவள் எழுந்து நின்றாள். கடந்த வாரத்துக்கும் மழைக்கும் நன்றி சொன்னாள், நோயாளிகளுக்காக வேண்டினாள். பிறகு ஜெபத்தை நிறுத்தினாள். சிலர் கண்ணைத் திறந்து பார்த்தார்கள்.

"ஆண்டவரே, நீர் எந்தத் தேதியில பொறந்தீருன்னு எனக்குத் தெரியாது," என்று தொடர்ந்தாள். "பொறந்தீருன்னு தெரியும். வார்டுக்குள்ள வந்து எங்கூட்டுக்காரரு பேரைக் கேட்டது நீர்தான்னு நம்பறேன். அவிய எந்தப் பண்டிகைக்கு வந்திருந்தாலும் சரி. எந்தம்பி சீருக்கு உக்காராம இருந்தது உமக்காகன்னு நெனச்சுத்தான் செஞ்சேன். அது உமக்கு வேண்டியிருந்துச்சா இல்லையான்னு எனக்குத் தெரியலை. வேண்டாததா இருந்தா என்னை மன்னியும். வேண்டியதா இருந்தா அவனைத் தேத்தும். ஆமென்."

ஆமென் என்று பதில் சொன்னவர்கள் கொஞ்சம் பேர்தான். பின்வரிசையில் ஒரு பெண் விசும்பினாள். பாஸ்டர் ஆசீர்வாதம் சொல்லி அனுப்பிவைத்தார். படி இறங்கும்போது அவளைத் தனியாக நிறுத்தி, "சபைக்கு முன்னால இதைச் சொல்லியிருக்க வேண்டாமுங்க அக்கா. ஏற்கெனவே ஆளுங்க கலங்கிப் போயிருக்காங்க," என்றார்.

"சொல்லாம ஜெபிக்க முடியலைங்க பாஸ்டர்."

ஜனவரி முதல் பெண்கள் ஜெபக் கூட்டத்தை வேறொருவர் நடத்துவார் என்று அறிவித்தார்கள். காரணம் சொல்லவில்லை. பழனியாத்தாளும் கேட்கவில்லை. வேறு சபைக்குப் போய்விடலாம் என்று ரித்திகா சொன்னாள், அங்கே ஸ்டாரும் கேக்கும் இருக்கும் என்றாள். பழனியாத்தாள் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் அதே மாடிக்கு ஏறி, முன்வரிசையை விட்டுவிட்டு நடுவில் உட்கார்ந்தாள். திருமூர்த்தி முன்போலவே வாரம் ஒரு தரம் போன் செய்தான். மழை, மாடு, லோகப்பிரியா பரீட்சை, இவற்றைப் பற்றிப் பேசினான். அந்தச் சனிக்கிழமையைப் பற்றி இருவரும் பேசவில்லை.

பிப்ரவரி கடைசியில் ஒரு மத்தியானம் பாஸ்டர் கிருபா பட்டறைக்கே வந்தார். சாப்பாட்டு நேரம். தாஜுன்னிசா தன் டப்பாவை எடுத்துக்கொண்டு தள்ளிப் போய் உட்கார்ந்தாள்.

"ஜெபக் கூட்டத்தை நீங்களே மறுபடி எடுத்துக்கோங்க அக்கா," என்றார். அவர் மெலிந்திருந்தார். சபையில் பதினோரு குடும்பம் வருவதை நிறுத்தியிருந்தது. "நான் சொன்னதுல எனக்குச் சந்தேகமில்லீங்க. ஆனா உங்களை எடுத்தது சரியில்லைன்னு தோணுது."

"இன்னும் கொஞ்ச நாள் போகட்டுங்க பாஸ்டர்."

"எம்மேல வருத்தமுங்களா?"

"உங்க மேல ஒண்ணுமில்லீங்க," என்றாள் பழனியாத்தாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை டப்பாவின் விளிம்பில் வைத்துக்கொண்டு யோசித்துப் பேசினாள். "நீங்க சொல்றது சரின்னா, அன்னைக்கு நான் செஞ்சதும் சரீங்க. நீங்க சொல்றது தப்புன்னா, நான் செஞ்சதும் தப்பு. அது சரியா இருக்கோணும்னு எனக்கு ஆசையா, தப்பா இருக்கோணும்னு ஆசையான்னே தெரியலைங்க. இப்படி இருக்கறவ எந்திரிச்சு நின்னு நாலு பொம்பளைங்களுக்கு என்னத்தைச் சொல்றது?"

பாஸ்டர் கிருபா எதிரே கிடந்த காலி ஸ்டூலில் உட்கார்ந்தார். அவர் சாப்பிட்டிருக்க மாட்டார் என்று தோன்றி, அவள் தன் டப்பா மூடியில் பாதிச் சோற்றை வைத்து அவர் பக்கம் தள்ளினாள். இருவரும் சாப்பிட்டார்கள். மணி அடித்ததும் அவர் எழுந்து கை கழுவிவிட்டுப் போனார். அவள் மெசினில் உட்கார்ந்து சுற்றுகளை ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினாள்.